பெரிய எண் ஒன்றைக் கல்குலேட்டர் இல்லாமல் பிரித்துப் பார்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றபோது வாங்கிய லொத்தர் சீட்டில் இருந்த தொடர் இலக்கம் 4729725. பரிசு ஒன்றும் விழவில்லை, ஆனால் எண் நல்ல சரக்கு, அதையே வைத்துச் செய்து காட்டுகிறேன்.

முதலில் மூன்று மூன்று இலக்கமாகக் கொமா போடுங்கள்: 4,729,725. வாயால் நாற்பத்தேழு லட்சம் என்று சொன்னாலும் இங்கே பேங்க் சிலிப்பில் மில்லியன் கணக்கில்தான் கொமா விழும், இந்த வேலைக்கு அதுதான் தோது. இனி வலப்பக்கத்திலிருந்து தொடங்கி மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 725 − 729 + 4 = 0. பூச்சியம் வந்துவிட்டால் எண் 1001ஆல் மீதியில்லாமல் வகுபடும். 1001 என்பது 7 × 11 × 13, ஆகவே ஒரே அடியில் மூன்று காரணிகள் கையில். (1000 என்பது 1001இன் மடங்குக்கு ஒன்று குறைவு என்பதால்தான் அடையாளம் மாறி மாறி வருகிறது.) கடைசியில் 725க்குப் பதில் 732 இருந்திருந்தால் மிச்சம் 7 வந்திருக்கும், அப்போது 7 மட்டும் வகுக்கும், 11ம் 13ம் வகுக்காது.

சரி, 1001ஆல் வகுத்தால் 4725. அது 25இல் முடிகிறது, 25ஆல் வகுத்தால் 189, அது 27 × 7. முடிந்தது: 3³ × 5² × 7² × 11 × 13. இப்படி லேசாக உடையாத எண் வந்தால் வர்க்கமூலம் வரை உள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், இந்த அளவு எண்ணுக்கு 2174க்கு மேல் போகத் தேவையில்லை. அலுப்பான வேலைதான்.

அப்புறம் எல்லாம் அந்தச் சுட்டிகளிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 3 × 2 × 2, மொத்தம் 144 காரணிகள். ஒற்றைச் சுட்டிகள் இருப்பதால் நிறைவர்க்கம் இல்லை; 3, 11, 13 மூன்றாலும் பெருக்கினால் 45045இன் வர்க்கமாகிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமென்றால் நிறைவெண் (6, 28 போல), கூடினால் மிகையெண். ஒற்றை எண்களில் மிகையெண் அபூர்வம், மிகச் சிறியதே 945தான். நம்முடையது 945 × 5005. மிகையெண்ணின் மடங்கு எப்போதும் மிகையெண், ஆகவே கூட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். நம்பாதவர்களுக்கு: கூட்டினால் 7,144,515 வரும்.

மகாராஷ்டிரப் பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்ணா என்றும் பார்த்தேன், அதாவது இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடுமா என்று. கூட்டினால் 36. ஒற்றை எண்ணிடம் 36ஐக் கொண்டுபோய் என்ன செய்வது, 9 வகுக்கும், அதோடு சரி.