ரிம்வேர்ல்டில் பட்டறை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிம்வேர்ல்ட் என்பது ஆட்களை வைத்து ஒரு காலனியைக் கட்டி நடத்தும் கணினி விளையாட்டு. அதில் என் முதல் மூன்று காலனிகளிலும் பட்டறை லைன் வீடு மாதிரித்தான் இருந்தது. தையலுக்கு ஓர் அறை, கொல்லுலைக்கு ஓர் அறை, கல் அறுக்க ஓர் அறை, நடுவில் நீளமாக ஒரு நடை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அம்சமாக இருக்கும். வேலை மட்டும் நடக்காது. ஒரு சட்டை தைக்க வேண்டிய ஆள் பாதி நாளைக் கதவு திறப்பதிலும் துணி தேடுவதிலுமே கழித்துவிடுவார்.

மாயவரம் பக்கம் எங்கள் பாட்டி வீடு பழைய காலத்துக் கட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டில் அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லை. இதில் கூடத்துக்கென்று தனியாக ஒரு வேலை கிடையாது. மத்தியானம் அங்கேதான் இலை போடுவார்கள், ராத்திரி அங்கேதான் பாய் விரிப்பார்கள், அறுவடை முடிந்தால் சுவரோரம் நெல் மூட்டை ஏறும், விசேஷம் வந்தால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கோலம் போடுவார்கள். புகைக்கும் ஈரத்துக்கும் நாற்றத்துக்கும் மட்டும்தான் தனி இடம். நாலாவது காலனியில்தான் இது எனக்கு உறைத்தது: பட்டறையையும் ஒரு கூடமாகக் கட்டலாம், ஒதுக்கியே ஆக வேண்டியதை மட்டும் கொல்லைக்குத் தள்ளலாம்.

ஆகவே முதல் தவறு, மேசைக்கு ஓர் அறை என்று பிரிப்பது. இந்த விளையாட்டில் அறையின் பெயரை நாம் வைப்பதில்லை. சுவரும் கதவும் மூடிய இடத்துக்குள் என்ன கிடக்கிறதோ அதைப் பார்த்து விளையாட்டே சமையலறை, பட்டறை, ஆய்வகம் என்று முடிவு செய்துகொள்கிறது. தையல் மேசையும் கொல்லுலையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் இரண்டுக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பிரித்து வைத்தால்தான் நஷ்டம். கதவு ஒவ்வொன்றும் திறக்க நேரம் எடுக்கும், அதிலும் கல் கதவு ஆமை வேகம். டூல் கேபினட், அதாவது கருவி அலமாரி, ஒன்று வேலை வேகத்தை 6 சதவீதம் கூட்டும், ஒரு மேசைக்கு அதிகபட்சம் இரண்டு கேபினட் கணக்கில் வரும். கூடத்தின் நடுவில் இரண்டை நிறுத்தினால் சுற்றியுள்ள மேசைகள் எல்லாமே அந்த இரண்டையும் பங்கு போட்டுக்கொள்ளும். லைன் வீட்டில் அறைக்கு இரண்டாக வாங்கி இரும்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, இன்றைக்கு இருக்கும் மேசைகளுக்குச் சரியாக அளவெடுத்துக் கட்டுவது. இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வரும் கஷ்டம் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலான வேலை மேசைகள் 3 கட்ட நீளம், 1 கட்ட அகலம். அதோடு ஆள் நிற்க எதிரில் ஒரு கட்டம் வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் மேசையை எண்ணுவார்கள், ஆளை எண்ண மாட்டார்கள். மேசையை வைக்கும் முன் க்யூ, ஈ விசைகளால் திருப்பிப் பார்த்து, அந்த நிற்கும் கட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். அந்தக் கட்டத்தில் ஒரு நாற்காலி போட்டால் வேலை செய்பவருக்கு சௌகரியம் ஏறும், மனநிலையும் நன்றாக இருக்கும். செலவில்லாத லாபம் இது. ஆனாலும் பலர் நாற்காலியைச் சாப்பாட்டு மேசையோடு மறந்துவிடுகிறார்கள்.

கூரை, தாங்கும் சுவரிலிருந்து 6 கட்டம் வரைதான் நிற்கும். அதனால் உள்ளே 11க்கு 11 என்று ஒரு கூடம் போட்டால் தூணே தேவையில்லை. பிற்பாடு ஒரு பக்கச் சுவரை உடைத்து நீட்டும்போது மட்டும் ஒரு தூண் வைத்துக்கொள்ளலாம். மின் கம்பியைச் சுவருக்குள்ளேயே ஓட்டிவிடுங்கள். மின்சாதனங்கள் 6 கட்டத்துக்குள் உள்ள கம்பியைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். நாளைக்கு மேசையை இடம் மாற்றினாலும் வயரிங்கைத் தொட வேண்டியதில்லை. மேசைகளையும் கழற்றி வேறிடத்தில் மாட்ட முடியும், இடித்துக் கட்டத் தேவையில்லை. இது தெரியாமல் ஒரு மெஷினிங் டேபிளை உடைத்து, பாதிச் சாமான் வீணாகி, மறுபடி புதிதாகக் கட்டியவன் நான்.

சரி, எதைப் பிரிக்க வேண்டும்? இதைக் கண்ணால் பார்த்தது சுவாமிமலையில். சிலை வார்க்கும் பட்டறை ஒன்றுக்கு ஒருமுறை உறவினர் ஒருவரோடு போயிருந்தேன். முன்பக்கத் தாழ்வாரத்தில் நிழலில் ஒருவர் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த உருவத்துக்கு விரல் நகம் அளவுக்கு நகை வைத்துக்கொண்டிருந்தார். அளவுக்கு டேப் கிடையாது, மடித்த தென்னை ஓலைதான். அவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் வார்த்த சிலையை உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் சுவர் இல்லை. காவிரி வண்டல் மண் பூசிய அச்சுகள் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன. ஆனால் வரட்டி வைத்து அச்சைச் சுடும் இடமும் உலோகம் உருக்கும் உலையும் கொல்லைக் கோடியில். மெழுகுக்கும் நெருப்புக்கும் நடுவே மட்டும் அத்தனை தூரம்.

விளையாட்டிலும் அப்படித்தான். மெழுகுக்குப் பதில் இங்கே சமையல். இறைச்சி வெட்டும் மேசையை அடுப்புள்ள அறையில் வைப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அந்த மேசை இருப்பதே அறையின் சுத்தத்தைக் கீழே இழுக்கும், வெட்ட வெட்ட ரத்தமும் சிந்தும். சமையலறை அசுத்தமானால் சாப்பாட்டில் நஞ்சேறும் வாய்ப்பு கூடும். சமைப்பவரின் திறமைக் குறைவால் வரும் ஆபத்து இதற்கு மேல் தனி. காலனியே வாந்தி எடுத்துக் கிடக்கும்போது கொள்ளைக்காரர்கள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டும் மேசையை ஒரு சுவர் தள்ளி வைத்தாலே போதும். சமையலறையைக் குறுக்கு வழியாக விடாதீர்கள். வயலிலிருந்து வரும் ஆள் சேற்றுக் காலோடு அடுப்படி வழியாகச் சாப்பிடப் போனால், தரையை எத்தனை முறை துடைத்தாலும் பிரயோஜனமில்லை. பாட்டி வீட்டில் இதற்கென்றே கொல்லைக் கதவோரம் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

இன்னொன்று உலோகம் உருக்கும் உலை. அது சூட்டைக் கக்கும். அறை ரொம்பச் சூடானாலும் ரொம்பக் குளிர்ந்தாலும் மேசை வேலை மந்தமாகும், அதனால் வெப்ப நிலத்தில் காலனி போட்டிருந்தால் உலையைத் தள்ளி வையுங்கள். பனி நிலத்தில் அதே உலையைக் கூடத்துக்குள் விடலாம், குளிருக்கு இதம். கெம்ஃப்யூவல் என்ற எரிபொருள் மாதிரித் தீப்பிடிக்கும் சரக்கும் கூடத்துக்குள் வேண்டாம். ஆய்வு மேசைக்கும் சுத்தம் முக்கியம் என்பதால் அது தனி அறைதான். இருட்டில் வேலை வேகம் குறையும், விளக்கு போடுங்கள். அவ்வளவுதான் பிரிக்க வேண்டிய கணக்கு.

இடத்தைச் சரியாக அமைத்துவிட்டு பில்லில், அதாவது மேசைக்கு நாம் கொடுக்கும் வேலை உத்தரவில், கோட்டை விடுவது இன்னொரு வகை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஷெல்ஃப், உலைக்குப் பக்கத்தில் ஒரு ஷெல்ஃப் என்று வைத்து, அவற்றுக்கு மட்டும் முன்னுரிமையை ஏற்றிவிட்டால் தூக்குபவர்கள் சரக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், கைத்தொழில்காரர் நகர வேண்டியதில்லை. 2022இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து ஷெல்ஃபின் ஒரு கட்டத்தில் மூன்று அடுக்கு வைக்கலாம். இரண்டு கட்ட ஷெல்ஃபில் ஆறு அடுக்கு, இரும்பு என்றால் 450. ஊர்க்கோடியில் ஒரே பெரிய குடோன் கட்டி எல்லாவற்றையும் அங்கே குவிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பொருள் தேடும் தூரத்தை பில்லில் ரொம்பச் சுருக்கிவிடாதீர்கள். ஷெல்ஃப் காலியான நேரத்தில் குடோன் நிறைய இரும்பு கிடக்கும், கொல்லரோ வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பார்.

என்னை நிஜமாகவே மாட்டிவிட்டது வேறு. சமைத்ததைத் தரையிலேயே போட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கச் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறது. நடை மிச்சம் என்று அதைப் போட்டு, கூடவே ‘20 சாப்பாடு சேரும்வரை’ என்றும் வைத்தேன். சேமிப்பு இடத்தில் இருக்கும் சாப்பாட்டைத்தான் விளையாட்டு எண்ணும், தரையில் கிடப்பது கணக்கில் வராது. தூக்க வேண்டியவர்கள் எல்லாரும் சண்டையில் காயம்பட்டுப் படுத்திருந்தார்கள். சமையல்காரர் நிறுத்தவே இல்லை. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து அரிசி வீதம் கிடங்கைத் துடைத்துவிட்டார். எளிய சாப்பாடு வெளியில் நாலு நாள்தான் தாங்கும். விளையாட்டில் நெல் ஐந்தாறு நாளில் விளைந்துவிடும் என்பதால் பிழைத்தோம். இங்கே குறுவைக்கே நூறு நாளுக்கு மேல் ஆகும், அதற்கும் முதலில் மேட்டூர் திறக்க வேண்டும். இதற்கு மருந்து சுலபம். அடுப்புக்கு முன்னால் உள்ள அந்தத் தரையையே சாப்பாட்டுக்கான சேமிப்பு இடமாகக் குறித்துவிட்டால் கணக்கு சரியாக ஏறும்.

குள்ளர்களை வைத்து ஆடும் இன்னொரு காலனி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆடுபவர்களுக்கு இதில் பாதி பொருந்தும். அங்கே பட்டறைகள் பெரும்பாலும் 3க்கு 3 கட்டம். செய்த பொருளை எடுக்காமல் விட்டால் பட்டறை அடைத்துக்கொண்டு வேலை மந்தமாகும். பூமிக்கடியில் இறைச்சி அழுகினால் நாற்றப்புகை பரவும், அதனால் கசாப்பை மேலே வெட்டவெளிக்குத் தள்ளுவது அங்கேயும் நல்லது. கொல்லைத் தத்துவம் குள்ளர்களுக்கும் பொது போல.

இப்போது ஓடும் காலனியில் கூடத்தின் வடகிழக்கு மூலையை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். ஃபேப்ரிகேஷன் பெஞ்ச் என்ற உயர்நுட்ப வேலை மேசைக்கான இடம் அது, ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. அதுவரை அங்கே ஓர் அல்பாக்கா வந்து படுத்துக்கொள்கிறது. அசுத்தம் பண்ணும், தெரியும். விரட்ட மனசு வரவில்லை.