ம்ரியாவின் ஆறு எஞ்சின் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரியைக் கட்டிப் பறக்கவிடும் முறை

சோவியத் காலத்தில் அன்டோனோவ் வடிவமைப்பகம் கீவில் உருவாக்கிய ஏஎன்-225 ம்ரியா என்ற மாபெரும் சரக்கு விமானம், 1988 டிசம்பர் 21 அன்று முதன்முதலாகப் பறந்தது. முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஒரே விமானமும் 2022 பிப்ரவரி இறுதியில் கீவ் அருகேயுள்ள ஹோஸ்டோமெல் விமானத்தளத்தில் நடந்த சண்டையில் அழிந்துவிட்டதால், அந்த உருவத்தை இன்று பறக்கும் நிலையில் காண மாதிரிகளே வழி. ஆகவே அதைக் கட்ட முனைபவர் பொறுமையோடும் கணக்கோடும் கட்ட வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் அளவை முடிவு செய்ய வேண்டும். அசல் விமானத்தின் இறக்கை விரிவு 88.4 மீட்டர், நீளம் 84 மீட்டர். 40-இல் ஒரு பங்காகக் குறைத்தால் விரிவு 2.21 மீட்டரும் நீளம் 2.10 மீட்டரும் வரும். இந்த அளவை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் எஞ்சின்தான்: அசலின் டி-18டி எஞ்சினுடைய முன்விசிறியின் விட்டம் ஏறத்தாழ 2.3 மீட்டர் என்பதால், மாதிரியில் அது 58 மில்லிமீட்டர் அளவாகிறது. எளிதில் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் ஈடிஎஃப் விசிறிகள் (குழாய்க் கூட்டுக்குள் மின்மோட்டாரால் சுழல்பவை) எஞ்சின் கூடுகளின் தோற்றத்தைக் கெடுக்காமல் உள்ளே அமர்ந்துவிடும்.

அடுத்தது எடை. அசலின் உச்சப் புறப்பாட்டு எடை 640 டன். நீளம் 40 மடங்கு குறையும்போது எடை 64,000 மடங்கு குறைவதால், கணக்குப்படி மாதிரி 10 கிலோ இருக்கலாம். ஆனால் 905 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு 1,600 மடங்குதான் குறைந்து சுமார் 0.57 சதுர மீட்டராகிறது. அந்தப் பரப்பின் மேல் 10 கிலோவை ஏற்றினால் மாதிரி மிக வேகமாகப் பறந்தாக வேண்டும், தரையிறக்கவும் முடியாது. பேட்டரி உட்பட 4 கிலோவுக்குள் நிறுத்துவதே இலக்காக இருக்கட்டும். உடற்பகுதிக்கு 3 மில்லிமீட்டர் டெப்ரான் (இலேசான ஃபோம் தாள்) சட்டங்களும் அதே தாளில் மேல்தோலும் போதும். ஒட்டுப்பலகையை இறக்கையும் சக்கரக் கால்களும் பொருந்தும் இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். இறக்கைக்குள் கார்பன் குழாய் ஒன்று முதுகெலும்பாக ஓட வேண்டும். இறக்கை முனைகளை முன்விளிம்பு 2 பாகை கீழ்நோக்கி இருக்குமாறு முறுக்கி ஒட்டினால், வேகம் குறையும்போது முனை முதலில் தூக்குவிசை இழந்து விமானம் ஒருபக்கமாகச் சரிவது தவிர்க்கப்படும்.

வால் தனிக் கவனம் கேட்கும் பகுதி. முதுகில் புரான் விண்ணோடத்தைச் சுமக்கும்போது அதன் பின்னால் எழும் கலங்கிய காற்று நடுவால் மீது மோதும் என்பதால்தான் ம்ரியாவுக்கு இரண்டு செங்குத்து வால்கள் கிடைநிலை வாலின் முனைகளில் வைக்கப்பட்டன. மாதிரியில் இதே அமைப்பு முறுக்கலுக்கு இடம் தருகிறது. கிடைநிலை வாலின் முழு நீளத்துக்கும் கார்பன் குழாய் வைத்து, மேற்பரப்பில் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை ஒட்டுங்கள். ஒட்டு காய்ந்தபின் ஒரு செங்குத்து வாலை விரல்களால் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள்: மறுமுனை வாலும் கூடவே அசைந்தால் உறுதி போதும், இந்த முனை மட்டும் முறுக்கிக்கொண்டால் பறக்கும்போது அது அதிரத் தொடங்கும்.

மின்சார அமைப்பை வண்ணப்பூச்சுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இந்த மாதிரியின் உயிர் அதில்தான் இருக்கிறது. 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒவ்வொரு விசிறியும் ஏறத்தாழ அரை கிலோ உந்துவிசை தந்தால் மொத்தம் 3 கிலோ கிடைக்கும்; 4 கிலோ விமானத்துக்கு இது தாராளம். ஆறு விசிறிகளையும் ஒரே பேட்டரியில் இணைக்காமல், மூன்று பேட்டரிகளைப் பயன்படுத்துங்கள்: ஒன்று இரு வெளிமுனை எஞ்சின்களுக்கும், இன்னொன்று இரு நடு எஞ்சின்களுக்கும், மூன்றாவது உடலை ஒட்டிய இரண்டுக்கும். இப்படிப் பிரித்தால் ஒரு பேட்டரி செயலிழந்தாலும் இருபுறமும் சமமாக உந்துவிசை குறையுமே தவிர, விமானம் ஒருபக்கம் இழுக்காது. மீதி நான்கு விசிறிகளில் தரையிறங்கிவிடலாம். பேட்டரியிலிருந்து ஈஎஸ்சிக்கு (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனம்) செல்லும் கம்பி நீண்டால் மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஈஎஸ்சியைப் பழுதாக்கும் என்பதால், ஈஎஸ்சிகளை இறக்கையின் வேர்ப்பகுதியில் வைத்து, மோட்டாருக்குச் செல்லும் மூன்று கம்பிகளை நீட்டுங்கள். ஈஎஸ்சிகளைக் குளிர்விக்கச் சிறு காற்றுத் துளையும் விடுங்கள். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) தனி பிஇசி (அவற்றுக்கேற்ற மின்னழுத்தம் தரும் சாதனம்) வைத்து, ஈஎஸ்சிகளிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்புக் கம்பிகளை எல்லாம் துண்டித்து விடுங்கள். ஆறு ஈஎஸ்சிகளையும் ஒரே டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் (வேகக் கட்டுப்பாட்டு நெம்புகோல்) அளவீடு செய்தபின், விமானத்தை மேசையில் இறுகக் கட்டி மெல்ல வேகம் ஏற்றிக் கேளுங்கள். ஒரு விசிறி மட்டும் கீச்சிட்டால் அதன் சமநிலையையோ கூட்டின் உரசலையோ சரிசெய்த பின்பே அடுத்த வேலைக்குப் போங்கள்.

அசலில் 32 சக்கரங்கள். மாதிரியில் பக்கத்துக்கு இரண்டு கால்கள் மட்டும் எடையைத் தாங்க, மற்றவை மெல்லிய வில்கம்பியில் சும்மா உருளட்டும். இவ்வளவு சிறிய சக்கரங்களுக்குத் தார் ஓடுதளம் தேவை. புல்தரை மட்டுமே இருந்தால் புறப்பாட்டுக்குத் தள்ளுவண்டி ஒன்று செய்துகொண்டு, வயிற்றில் தரையிறக்குங்கள்.

ஈர்ப்பு மையத்தை, முன்விளிம்பிலிருந்து சராசரி இறக்கை அகலத்தின் 25 விழுக்காட்டில் வைத்துத் தொடங்குங்கள். பின்சாய்ந்த இறக்கையில் இந்த இடத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. இறக்கையைத் தாளில் வரைந்து கணக்கிட வேண்டும். நீண்ட மூக்குப்பகுதி பேட்டரிகளுக்கு வசதியானது. பறக்கவிடும் முன் உங்கள் நாட்டின் விமான ஒழுங்குமுறை விதிகளில் எடை, உயரம், பதிவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். முதல் பறப்பில் காற்று அமைதியாக இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தரையிறங்கும்போது த்ராட்டிலை முழுவதும் இறக்கிவிடாதீர்கள். ஈடிஎஃப் விசிறிகள் மீண்டும் வேகம் பிடிக்கச் சற்று நேரம் ஆகும் என்பதால், சக்கரங்கள் தரையைத் தொடும் வரை சிறிதளவு உந்துவிசை இருந்தாக வேண்டும்.

பல பறப்புகளுக்குப் பிறகே புரானை முதுகில் ஏற்றுங்கள். இதே அளவில் அதன் நீளம் சுமார் 91 சென்டிமீட்டர். உள்ளீடற்ற ஃபோமில் செய்தால் 250 கிராமுக்குள் முடித்துவிடலாம். அதைப் பொருத்தியதும் ஈர்ப்பு மையத்தை மீண்டும் அளந்து, பேட்டரிகளை நகர்த்திப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். காற்றுத்தடையும் மேல்பக்க எடையும் கூடுவதால், திருப்பங்களை வழக்கத்தைவிட அகலமாக எடுத்து, சற்றுக் கூடுதல் வேகத்திலேயே தரையிறக்குங்கள்.