பழைய முள் மீட்டரைக் கழற்ற வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து தொண்டிக் கடலில் படகு விடுகிறவர்களுக்கு: இன்ஜினின் பழைய மீட்டர்களைத் தூக்கிப் போடாமலேயே என்எம்இஏ 2000 (படகுக் கருவிகளை ஒரே கேபிளில் இணைக்கும் முறை) டிஜிட்டல் திரையில் அளவு பார்க்கலாம். நடுவில், சென்சாரின் அளவை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒரு அனலாக் கன்வர்ட்டர் போதும், சென்சாரை மாற்ற வேண்டியதில்லை.

முதலில் டீசல் டேங்க் சென்சாரின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். காலியில் 240, நிறைந்தால் 33 என்றால் அமெரிக்க வகை. காலியில் 10, நிறைந்தால் 180 என்றால் ஐரோப்பிய வகை. கன்வர்ட்டரில் வகையை மாற்றிப் போட்டுவிட்டால் காலி டேங்க் நிறைந்ததாகக் காட்டும். நடுக்கடலில் தெரிந்து என்ன செய்ய?

பழைய மீட்டர் இருந்தால் சென்சாருக்கு மின்சாரம் அதிலிருந்தே போகும். மீட்டரைக் கழற்றினால் கன்வர்ட்டர்தான் கொடுக்க வேண்டும். எல்லா மாடலும் கொடுக்காது, கேட்டு வாங்குங்கள். மீட்டரை விட்டுவைப்பதே என் கட்சி, திரை அணைந்தாலும் முள் நகரும். ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் சுழலும் வேகம்) ஆல்டர்னேட்டரின் டபிள்யூ (W) முனையிலிருந்து கன்வர்ட்டருக்கு ஒயர் எடுக்கலாம்.

அப்புறம், என்எம்இஏ 2000 மெயின் கேபிளின் இரு கடைசியிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) வேண்டும். பவரை அணைத்து, வெள்ளை, நீல ஒயர்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் வரும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் விட்டுப்போயிருக்கிறது.