பட்டினி கிடந்த மீன்களை மீட்டெடுப்பது எப்படி

தீவனம் நின்றவுடன் மீன் செத்து மிதப்பதில்லை என்பதாலேயே பட்டினியின் பாதிப்பைப் பலர் காலம் கடந்த பின்பே உணர்கிறார்கள். உடல் வெப்பத்தைத் தக்கவைக்க ஆற்றல் செலவிட வேண்டிய தேவை பெரும்பாலான மீன்களுக்கு இல்லை. ஆகவே அவை முதலில் கல்லீரலில் சேமிப்புச் சர்க்கரையாக உள்ள கிளைக்கோஜனையும், அடுத்துக் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் படிந்திருக்கும் கொழுப்பையும், அவை குறைந்துவரும்போது தசைப் புரதத்தையும் கரைத்து நாட்களைக் கடத்துகின்றன. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் இந்தக் கையிருப்பு விரைவாகத் தீரும். முட்டையிலிருந்து வெளிவந்து கருவுணவை முடித்துவிட்ட இளங்குஞ்சுகளுக்குக் கையிருப்பே இல்லை. சில நாட்கள் தவறினால், பின்னர் இரை கிடைத்தாலும் அவற்றால் உண்ண இயலாது.

பட்டினியில் வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் பெரும்பாலும் கூடவே செய்கிறது. ஆனால் கல்லீரல் அதற்கு இணங்காததால், தசையை வளர்க்கும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி குறைந்து, வளர்ச்சி நின்றுவிடுகிறது. நோய் எதிர்ப்பு குறைவது இதைவிடக் கவலைக்குரியது. எதிர்ப்புரதங்கள், கிருமிகளைச் சிதைக்கும் நொதியான லைசோசைம், உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான சளி ஆகிய அனைத்துக்கும் புரதம் வேண்டும். அது கிடைக்காத நிலையில் மண்ணீரல் சுருங்கலாம். குடலின் உட்சுவர் மெலிந்து கிருமிகளுக்கு வழிவிடலாம். நீண்ட பட்டினியில் அழுத்த ஹார்மோனான கார்டிசால் உயர்ந்தால் எதிர்ப்பாற்றல் மேலும் ஒடுங்கும்.

ஐயம் எழுந்தால் சில மீன்களைப் பிடித்து ஈரக் கையில் ஏந்திப் பாருங்கள். தலை பெரிதாகவும், முதுகு கத்தி முனைபோல் ஒடுங்கியும், வயிறு உள்வாங்கியும் இருக்கும். இறந்த மீனைக் கீறினால், இரை வராததால் பித்தம் வெளியேறாமல் தேங்கிக் கரும்பச்சையாகப் புடைத்த பித்தப்பையைக் காணலாம். எனக்கு இதுவே மிகத் தெளிவான சாட்சி. கணக்கிட விரும்பினால், எடையை (கிராம்) 100ஆல் பெருக்கி, நீளத்தின் (செ.மீ.) கனத்தால் (நீளம் × நீளம் × நீளம்) வகுக்க வேண்டும். 20 செ.மீ. மீன் 100 கிராம் இருந்தால் 1.25 வரும், அதுவே 84 கிராமுக்கு இறங்கினால் 1.05. இந்த எண் இனத்துக்கு இனம் மாறும் என்பதால், உங்கள் மீன்களின் பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

மீட்கும்போது செய்யும் பெரிய தவறு, இரக்கத்தால் முதல் நாளே வயிறு நிறையக் கொட்டுவதுதான். பசித்த மீன் அளவின்றி உண்ணும். சுருங்கிய குடலால் அதைச் செரிக்க முடியாமல் கழிவு பெருகி, அம்மோனியா உயர்ந்து, ஆக்சிஜன் குறையும். வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, அதை நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, ஒரு வாரத்தில் முழு அளவுக்கு உயர்த்துவது பாதுகாப்பானது. பெரிய மீன்கள் முந்திக்கொள்ளாதபடி தீவனத்தைப் பரவலாகத் தூவுங்கள். இரைமீன் உண்ணும் இனங்களில் பசியால் சிறியதைப் பெரியது விழுங்குவதும் உண்டு.

இந்த நாட்களில் வலை இழுத்தல், தரம் பிரித்தல், தடுப்பூசி ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். கொண்டுசெல்லும் முன் குடலைக் காலியாக்க 24 முதல் 48 மணி நேரம் தீவனத்தை நிறுத்துவது வேறு. திடமான மீன் அதைத் தாங்கும், மெலிந்த மீனுக்கு அது கூடாது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடை பாருங்கள். குறுகிய பட்டினியிலிருந்து மீண்டவை வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்து, இழந்ததைப் பெரும்பாலும் ஈடுசெய்யும்; எண் உயராதவற்றைத் தனியே பிரித்து, செவுளையும் தோலையும் நோய்க்காகச் சோதியுங்கள்.