முதலீடாக முதல் வீடு: சென்னையில் எந்த ஏரியாவில் வாங்கலாம்?

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் வீட்டைப் பிடித்துப்போய்த்தான் ஏரியாவுக்கு வருகிறார்கள். முதலீட்டுக்கு அது சரிவராது. முதலில் ஏரியா, அப்புறம்தான் வீடு. சென்னையை வைத்தே சொல்கிறேன்.

1. கையில் எவ்வளவு வேண்டும்?

50 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு, வீட்டின் மதிப்பில் 80% வரைதான் வங்கி தரலாம். ஆக 10 லட்சம் உங்களுடையது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அது சுமார் நாலரை லட்சம். 40 லட்சம் கடனுக்கு 8.5% வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். வாடகை 14,000 வந்தால் மீதி 20,000-க்கு மேல் சம்பளத்திலிருந்துதான் போகும். இந்தத் தொகையை மாதாமாதம் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. யார் குடிவருவார்கள்?

சிறுசேரி, சோழிங்கநல்லூர் என்றால் ஐடி ஊழியர்கள். தாம்பரம், குரோம்பேட்டை என்றால் ரயிலை நம்பி வேலைக்குப் போகும் குடும்பங்கள். தெருவில் நடந்து டு-லெட் போர்டுகளை எண்ணுங்கள். ஒரே அடுக்ககத்தில் நாலைந்து தொங்கினால் காரணத்தை வாட்ச்மேனிடம் கேளுங்கள். வாடகை எவ்வளவு என்று புரோக்கரிடம் கேட்காமல், அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

3. தண்ணீர்

என்னைக் கேட்டால் சென்னையில் பாதி முடிவு இதில்தான். வெயில் காலத்தில் தண்ணீர் இருக்காது, மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும். இரண்டையும் பார்க்க வேண்டும். 2015-இல் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின.

அதற்காக ஏரியாவையே ஒதுக்க வேண்டாம். ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பும். காம்பவுண்டு சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா, ரோடு உயர்ந்து வாசல் பள்ளமாகிவிட்டதா, தண்ணீர் மோட்டாரை மேலே ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரிடம், "அண்ணே, மழைக்கு இங்க எதுவரைக்கும் தண்ணி வரும்?" என்று கேளுங்கள். விற்பதால் அவருக்கு லாபமில்லை; உள்ளதைச் சொல்வார். அடுக்ககச் சங்கத்திடம் மே மாத லாரித் தண்ணீர்ச் செலவையும் கேளுங்கள். ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) பல அடுக்ககங்களில் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றுவதே அதுதான்.

4. வரப்போவதற்கு விலை கொடுக்காதீர்கள்

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளம், மூன்று வழித்தடங்கள். அறிவிப்பு வந்த உடனேயே விற்பவர்கள் விலையை ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்தபோது, பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. இன்றைக்கு ஓடும் பஸ்ஸையும் ரயிலையும் வைத்தே விலை பேசுங்கள்.

5. காகிதம்

சிஎம்டிஏ அல்லது டிடிசிபி (கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகள்) அனுமதி, பிரிபடாத நிலப் பங்கு (அடுக்ககம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு) எத்தனை சதுர அடி, புதுக் கட்டடமானால் ரெரா (வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் ஆகியவற்றைப் பாருங்கள். வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களை, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். 30 வருட வில்லங்கத்தையும் தாய்ப் பத்திரத்தையும் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்) உங்கள் வக்கீல் படித்து முடிக்கும்வரை, "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்று யார் சொன்னாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.