தைப்பொங்கல் சாப்பாட்டுக்குத் துணையைப் பராமரிப்பு இல்லத்திலிருந்து கூட்டிவருதல்

பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இயங்காமற்போன கணவரையோ மனைவியையோ பொங்கலுக்கு வீட்டுக்குக் கூட்டிவருவதென்றால், முதலில் சமையலை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். குசினியிலும் அவர் பக்கத்திலும் ஒரே ஆள் நிற்க ஏலாது. விடியப்புறம் முற்றத்துப் பொங்கலுக்கே கொண்டுவர ஆசைப்படவும் வேண்டாம். பத்து மணிக்கு ஏற்றி, இரண்டு மணிக்குள் திரும்பினால் போதும்.

ஒரு கிழமைக்கு முன்பே இல்லத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியவை: மத்தியான மருந்து எது, இன்சுலின் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன் போடுவது, சாப்பாடு எந்தப் பதத்தில், எத்தனை பேர் பிடித்து அவரை இடம் மாற்றுகிறார்கள். கடைசிக் கேள்விக்கு வாய்ப் பதில் போதாது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே ஒருதரம் மாற்றிப் பாருங்கள்.

ஆட்டோ வேண்டாம், திறந்த பக்கமாகச் சரிந்துவிடுவார். கார்தான் நல்லது. பலமுள்ள பக்கம் இருக்கைக்குக் கிட்ட வர வேண்டும்: வலது பக்கம் பலமென்றால் முன் இடது இருக்கை, இடது பக்கம் பலமென்றால் பின் வலது கதவு. பின்னதற்குக் காரை ரோட்டில் நிறுத்தாமல் வளவுக்குள் விடுங்கள். வீல்செயாரின் பிரேக்கைப் போட்டு, கால்மிதியைக் கழற்றுங்கள். இடுப்பில் அகலப் பட்டியொன்றைக் கட்டி, அதைப் பிடித்தே எழுப்புங்கள். இயங்காத கையைப் பிடித்தோ கக்கத்துக்குள் கைவிட்டோ தூக்கினால் தோள்மூட்டு விலகும். முதலில் இருக்கையில் இருத்தி, பிறகு கால்களைத் திருப்புங்கள். இருக்கையில் ஒரு பொலித்தீன் பையை விரித்தால் உடல் லேசாகத் திரும்பும்; வண்டி புறப்படுமுன் அதை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வழுக்கி முன்னே வருவார். சலக்குழாய் போட்டவரென்றால் சலம் சேரும் பையை ஏறுமுன் வெறுமையாக்கி, இடுப்புக்குக் கீழேயே தொங்கவிடுங்கள். மடியில் வைத்தால் சலம் திரும்பி ஏறும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் கல்லடி, ஆரையம்பதி, காரைதீவுப் பக்கம் வளவெல்லாம் மணல். தையில் மழையும் விட்டபாடில்லை. வீல்செயாரின் சின்ன முன்சில்லு மணலில் புதைந்தால் ஆள் முகங்குப்புற விழுவார். ஆகவே செயாரைப் பின்னுக்குச் சாய்த்து, பெரிய சில்லில் பின்பக்கமாக இழுத்துப் போங்கள். வாசலில் ஒரு படிதான் என்றால் இரண்டு பேர் அப்படியே பின்பக்கமாக ஏற்றலாம். பலகை போடுவதானால் 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம் வேண்டும். நடுவில் கல்முட்டுக் கொடுங்கள், கீழ்முனை நழுவாமல் கல் அடையுங்கள். கதவு நிலையையும் முன்னமே அளந்து பாருங்கள்.

கக்கூஸ் வளவின் பின்பக்கம் இருக்கிற வீடுகளில் கொமட் கதிரையோ சலப்போத்தலோ உள்ளறையில் தயாராக இருக்கட்டும், வாசலுக்குத் திரைச்சீலையோடு. அடக்கிக்கொண்டிருக்கிறவருக்குச் சோறு இறங்காது. வெட்கத்தில் வாய்திறந்து சொல்லவும் மாட்டார். நீங்களே கேளுங்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய ஆபத்து. விழுங்குவதில் தடுமாற்றமுள்ளவருக்குத் தண்ணீர், ரசம், தண்ணிச் சோதி போன்றவை மூச்சுக்குழாய்க்குள் போகும். சோற்றில் சோதி ஊற்றினால் இன்னும் மோசம்: சோறு வாயில் நிற்க, சோதி முந்தி ஓடும். சர்க்கரைப் பொங்கல் ஒட்டும் பண்டம், தொண்டையில் அடைக்கும். அவருக்கென்று ஒரு கிண்ணம் தனியே எடுத்து, கஜுவும் முந்திரிகை வற்றலும் பொறுக்கிவிட்டு, பயறு குழையும்வரை கெட்டித் தேங்காய்ப்பாலில் மசித்து, கரண்டியிலிருந்து வழுகி விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதையும் இல்லத்தில் சொன்ன பதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே கொடுங்கள். நீரிழிவென்றால் இரண்டு தேக்கரண்டி ருசிக்குப் போதும். பருப்போடு மசித்த சோறும், எங்கள் ஊர் எருமைத்தயிரின் கெட்டிப் பகுதியும் பெரும்பாலும் சுகமாக இறங்கும். வடை, முறுக்கு வேண்டாம்.

நிமிர்ந்து உட்காரவைத்து, தலை பின்னுக்குச் சாயாமல், தேக்கரண்டியால் பலமுள்ள பக்கமாக ஊட்டுங்கள். ஒரு வாய் விழுங்கியபின் மறுவாய். இயங்காத பக்கக் கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கும். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். குரல் களகளத்தால் உடனே நிறுத்துங்கள். அடைத்து மூச்சு வராவிட்டால் முன்னுக்குக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் 5 தரம் பலமாகத் தட்டுங்கள். இன்னொருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கதைக்க அதுதான் நல்ல நேரம். வாயில் சோறு இருக்கையில் கதை கேட்க வேண்டாம்.

மெத்தையில்லாக் கதிரையில் இருத்தாதீர்கள். அரை மணிக்கொருதரம் பக்கம் சரித்து, பின்பக்கத்தின் பாரத்தை இரண்டு நிமிடம் எடுத்துவிடுங்கள். இல்லத்தில் விட்டதும் தாதி மிஸ்ஸியோடு சேர்ந்து அவரது பின்பக்கத்தையும் குதிகாலையும் பாருங்கள். எங்கள் நிறத்தில் சிவப்புத் தெரியாது. சுற்றிலும் உள்ள தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, கல்லுப்போலவோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி, என்ன சாப்பிட்டார், எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.