சாலிஸ்பரி பிரபு: ஒரே ஆள், மூன்று பெயர். காலவரிசை போடுவது எப்படி?

ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் அரசியல் வாழ்க்கையைப் படிக்க உட்கார்ந்தால், பத்துப் பக்கத்துக்குள் ஆள் மாறிவிட்டாரோ என்று தோன்றும். மாறியது பெயர்தான். மூன்று முறை பிரதமராக இருந்த சாலிஸ்பரியை வைத்துப் பழகினால் மற்றவர்களைப் படிப்பது எளிது.

படி 1: தாளில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: காலம், பெயர், சபை, பதவி. பெயர்ப் பத்தியை முதலில் நிரப்புங்கள். பதவியில் தொடங்கினால் பாதியில் அழித்து எழுத வேண்டி வரும்.

1830 பிப்ரவரி 3, ஹாட்ஃபீல்டு மாளிகையில் பிறப்பு: லார்ட் ராபர்ட் செசில்
1865 ஜூன், அண்ணன் மரணம்: வைகவுன்ட் கிரான்போர்ன்
1868 ஏப்ரல், அப்பா மரணம்: 3ஆவது மார்க்வெஸ் சாலிஸ்பரி (மார்க்வெஸ் என்பது அப்பாவுக்குப் பின் மகனுக்கு வரும் பிரபு பட்டம்)

கடைசிப் பெயர் 1903 ஆகஸ்ட் 22இல் அவர் இறக்கும்வரை நீடித்தது.

படி 2: இப்போது சபை. 'லார்ட்' என்று பார்த்ததும் பிரபுக்கள் சபை என்று எழுதிவிடாதீர்கள். தொடக்கத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். முதல் இரண்டும் மார்க்வெஸின் மகன் என்பதற்காக மரியாதைக்கு வழங்கும் பட்டங்கள். அவை மேல்சபையில் இடம் தராது. அதனால்தான் 1853 முதல் ஸ்டாம்ஃபோர்டு தொகுதிக்காக அவர் மக்கள் சபையில் இருக்க முடிந்தது. அப்பா காலமானதும் தொகுதி கைவிட்டுப் போனது, பிரபுக்கள் சபை வந்தது. பிரதமராக இருந்த காலம் முழுக்க அங்கேதான்.

படி 3: பதவிகளை எழுதும்போது பெயர்ப் பத்தியோடு ஒட்டிப் பாருங்கள். இந்தியா மந்திரி (லண்டனில் இருந்து இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி) பதவி அவருக்கு இரண்டு முறை வந்தது. 1866 ஜூலையில் ஏற்றபோது கிரான்போர்ன். வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா பிடிக்காமல் 1867 மார்ச்சில் விலகினார். 1874 முதல் 1878 ஏப்ரல் வரை சாலிஸ்பரி. ஒரிசா பஞ்சத்து ஆவணங்களில் கிரான்போர்ன் என்ற பெயர் இருக்கும். நம்மூர் தாது வருடப் பஞ்சத்து ஆவணங்களில் சாலிஸ்பரி. ஒரே பெயரில் தேடினால் பாதி கிடைக்காது.

படி 4: பிரதமர் காலங்கள்: 1885 ஜூன் – 1886 ஜனவரி, 1886 ஜூலை – 1892 ஆகஸ்ட், 1895 ஜூன் – 1902 ஜூலை. 'கருவூல முதல் பிரபு' (First Lord of the Treasury, வழக்கமாகப் பிரதமரே வைத்திருக்கும் பட்டம்) என்றால் பிரதமர் என்று வைத்துக்கொண்டு தேடுபவர்கள் இவரிடம் ஏமாறுவார்கள். அந்தப் பதவியில் அவர் இருந்தது 1886–87இல் சில மாதங்கள் மட்டுமே. பெரும்பாலான காலம் வெளியுறவைத் தன் கையில் வைத்துக்கொண்டு, கருவூலப் பட்டத்தை வேறொருவருக்கு விட்டார். 1895இல் அது சகோதரி மகன் ஆர்தர் பால்ஃபருக்குப் போனது. 1902இல் பிரதமர் பதவியும் அவருக்கே.

படி 5: பெயர் ஒற்றுமையைச் சரிபாருங்கள். 1937இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் செசில் இவருடைய மகன், 1864இல் பிறந்தவர். ஹாட்ஃபீல்டு மாளிகையைக் கட்டி 1612இல் இறந்த ராபர்ட் செசில் மூதாதை. ஒரு மேற்கோள் 1900க்குப் பிறகு 'லார்ட் ராபர்ட் செசில்' பெயரில் வந்தால், அது மகனுடையது, தாளில் ஏற்றாதீர்கள்.